எதிர்த்தவன் கையில் மண்வெட்டி

1

மண்டபத்தை விட்டு வெளியே வந்து, டிராம் பாதையோரமாக நடந்து, ஆற்றுப் பாலத்தில் பாதித் தூரம் போன பிறகுதான் கவனித்தேன். என் இடது கை விரல் நுனிகளில் பச்சை வட்டங்கள் ஒட்டியிருந்தன. சட்டைப் பொத்தான் அளவுக் காகித வட்டங்கள், பின்பக்கம் பசை. சுவரில் மாட்டியிருந்த பெரிய தாள்களில் நமக்குப் பிடித்த யோசனைக்குக் கீழே அவற்றை ஒட்ட வேண்டும். எந்த யோசனைக்குக் கீழே வட்டங்கள் அதிகமோ அதுவே எல்லோருடைய முடிவு. நான் ஒன்றைக்கூட ஒட்டாமல் கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பாலத்தில் நல்ல காற்று. இலங்கையில் லக்கலவிலிருந்து மலையேறி இரத்தோட்டைக்கு இறங்கும் பாதையின் உச்சியிலும் இப்படி ஒரு காற்று உண்டு. நின்றால் தள்ளும், நடந்தால் விட்டுவிடும். அந்தப் பாதையிலும் ஒருமுறை ஒரு கூட்டத்தை விட்டு இப்படித்தான் நடந்தேன்.

"ஜெர்மனியில் சவரிமுத்தைக் கூப்பிட்டு நகரசபையே யோசனை கேட்டதாம்" என்று ஊரில், இரத்தோட்டையில், என்னைப் பற்றிப் பேச்சு அடிபடுவதாகத் தங்கச்சி போனில் சொன்னாள். கேட்டது உண்மை. மீதியும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

நகரசபையின் கடித உறை வந்த அன்று எனக்கு வேலை இல்லை. வேலை பார்த்த பேக்கரியை மூடிவிட்டார்கள். இங்கே அரசாங்க உறைகளில் முகவரி தெரிவதற்கு ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அகதி விண்ணப்பம் தள்ளுபடியானது அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்தது. மேன்முறையீடு, விசா நீட்டிப்பு, வேலை அனுமதி மறுப்பு எல்லாம் அதே வழியில் வந்தவை. இப்போது இந்த நாட்டின் குடியுரிமையே என் கையில் இருக்கிறது. ஆனாலும் ஜன்னல் உறையைத் தனியாக இருந்து பிரிக்க மாட்டேன். தனி வீட்டில் இருக்கும் மகள் அனிதா வேலை முடிந்து என்னைப் பார்க்க வரும்வரை அதை ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அவள் பிரித்துப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, ஒங்களுக்குச் சீட்டு விழுந்திருக்கு."

"லொத்தரா?"

"காசு இல்லப்பா. பேச்சு." அதற்கு மேல் அவளுடைய தமிழ் ஓடவில்லை. பாதியை ஜெர்மனில் சொன்னாள். என் ஜெர்மன் தொழிற்சாலை ஜெர்மன். தூக்கு, இறக்கு, கழுவு, நாளைக்கு வா. இரண்டு மூன்று தடவை சொல்லித்தான் விளங்கவைத்தாள்.

நகரத்தில் பதிவாகியிருப்பவர்களின் பெயர்களைக் குலுக்கிச் சிலரை எடுப்பார்கள். ஒரு சனி ஞாயிறு ஒன்றாக உட்காரவைப்பார்கள். நிபுணர்கள் வந்து விஷயத்தை விளக்குவார்கள். பிறகு இந்த ஆட்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். நகரசபை அதை மதித்து நடக்கும். பேசவேண்டிய விஷயம், ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள வெற்று முற்றத்தை என்ன செய்வது என்பது.

"நான் எட்டாங் கிளாஸே முடிக்கலம்மா" என்றேன்.

"அதுக்குத்தாம்பா குலுக்கிறாங்க. படிச்சவங்க மட்டும் வந்து ஒக்காரக் கூடாதுன்னு."

அவளுக்கு ஒரே பெருமை. இலங்கையில் எனக்குப் பிரஜாவுரிமை இருந்ததில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலரைப் போல நான் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவனாகப் பிறந்து வளர்ந்தவன். ஒரு தேர்தலிலும் வாக்குப் போட்டதில்லை. அப்பனை ஒரு வட்டத்துக்குள் கூப்பிட்டு உட்காரச் சொல்கிறார்கள் என்பது அவளுக்குப் பெரிதாக இருந்தது. சொல்லப்போனால் எனக்கும்தான்.

3

அந்த முற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் அங்கே கூலி வேலைக்கு ஆட்கள் நிற்பார்கள். கட்டட வேலைக்காரர், வீடு மாற்றுபவர், தோட்டம் துப்புரவு செய்பவர் எல்லாம் வேன் கொண்டுவந்து ஆளைக் கைகாட்டி ஏற்றிப் போவார்கள். பேப்பர் கிடைப்பதற்கு முன் நானும் பல வருடம் அங்கே நின்றிருக்கிறேன். இப்போது ரபீக் நிற்கிறான். மாத்தளைப் பையன், முஸ்லிம், முப்பது வயது இருக்கும். "உங்கள் மாவட்டத்தில் யுத்தம் இல்லை" என்று சொல்லி அவனுடைய அகதி விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள். திரும்பிப் போகவும் இல்லை. அதனால் எந்தப் பதிவிலும் அவன் பெயர் கிடையாது. குலுக்கலிலும் விழாது.

கூட்டத்துக்கு முந்திய நாள் அவனைப் பார்க்கப் போனேன்.

"சவரி அண்ணே, நாளைக்கி பார்லிமேந்து போறீங்களாமே!"

"பார்லிமேந்து இல்லடா. பள்ளிக்கூட மண்டபம்."

"எதுவா இருந்தாலும் கோட்டு போட்டுக்கிட்டுப் போங்க. எங்கட எடத்த மட்டும் வித்துறாதீங்க."

"விக்கிறதுக்கு அது என்ன எங்கப்பன் வீட்டு நெலமா?"

"அப்ப ஒங்கள ஏன் கூப்பிடுறாங்க? கையெழுத்து வைக்க ஆள் வேணும்னாத்தானே நம்மளக் கூப்பிடுவாங்க." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "மெய்யாத்தான் சொல்றேன் அண்ணே. தெரு மூலையில தனியா நின்னா பொலிஸ்காரன் பேப்பர் கேப்பான். இங்க கூட்டத்தோட கூட்டமா நிக்கலாம். இந்த எடம் போச்சுன்னா, வேல குடுக்கிறவனுங்க என்னைய எங்க வந்து தேடுவாங்க?"

பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

4

சனிக்கிழமை நன்றாகவே போனது. மேசைக்கு நான்கைந்து பேர். சிறிது நேரத்துக்கு ஒரு தடவை ஆட்களைக் கலைத்து வேறு மேசைகளில் உட்காரவைத்தார்கள், எல்லோரும் எல்லோரோடும் பேசவேண்டும் என்பதற்காக. கூட்டத்தை நடத்திய பெண்மணி யார் பேசினாலும் கடைசி வரை கேட்டார். என்னிடம் மட்டும் கொஞ்சம் சத்தமாகவும் மெதுவாகவும் பேசினார். நகரசபைப் பொறியாளரை நான் மரியாதை தப்பி 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். மேசையே சிரித்தது, அவரும் சிரித்தார். ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர் மரங்களைப் பற்றி அழகாகப் பேசினார். பழைய பெரிய மரங்கள் எங்கெங்கே நின்றன, எந்த வருடம் வெட்டினார்கள் என்று எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. என் வாழ்நாளில் யாரும் என்னிடம் இவ்வளவு பணிவாகக் கருத்துக் கேட்டதில்லை.

ஆனாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இடைவேளை விட்டால் முதல் ஆளாக வாசலுக்கு வந்துவிடுவேன். அங்கேதான் அந்த ஆய்வுக்காரப் பெண் என்னைப் பிடித்தார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தவர். சாதாரண மக்கள் கூடி உட்கார்ந்து எப்படி முடிவு எடுக்கிறார்கள் என்று நாடு நாடாகப் போய் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர் வேலை. சில நாடுகளில் இங்கே போலச் சீட்டுக் குலுக்குகிறார்கள். வேறொரு நாட்டில் ஊரே சதுக்கத்தில் நின்று கை உயர்த்துகிறது. இன்னொரு நாட்டில் பாமர ஜனங்கள் விஞ்ஞானிகளை நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். எங்கே போனாலும் அவர் மூன்று கேள்விகள் கேட்பாராம். யார் உட்காரலாம்? யார் பேசலாம்? முடிவு ஆகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

"நீங்கள் வந்த இடத்தில் எப்படி?" என்று கேட்டார்.

"தோட்டத்தில் துரை முடிவு எடுப்பார். கங்காணி வந்து சொல்வார். நாங்கள் மலைக்குப் போவோம்" என்றேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அதனால் லக்கலவைச் சொன்னேன்.

5

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் வேலை நாட்கள் குறைந்தன. அரிசியும் மாவும் கிடைக்காத வருடங்கள். எங்கள் லயத்து வரிசை வீட்டில் இரண்டு காம்பராக்களில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது, பட்டினிதான். அதோடு நான் கிளம்பிவிட்டேன். தம்புள்ளையில் வெங்காயம் பிடுங்கினேன், நாவுலவில் மரம் அறுத்தேன், ஒரு இடத்திலும் இரண்டு போகம் தங்கியதில்லை. லக்கலவில்தான் கொஞ்சம் கால் ஊன்றியது. கிரி பண்டா என்ற சிங்கள விவசாயியிடம் வயல் வேலை. இராத்திரியில் யானைக் காவல். போகத் தொடக்கத்தில் வேலி அடிப்பது.

உழவுக்கு முன்னால் அந்தக் குளத்து விவசாயிகள் எல்லோரும் குளக்கட்டில் கூடுவார்கள். கன்னக் கூட்டம் என்று பெயர். கன்னம் என்றால் சிங்களத்தில் போகம். தண்ணீரை எப்போது திறப்பது, வேலியை எப்போது அடைப்பது, எந்த வயல்களை விதைப்பது எல்லாம் அங்கேதான் பேசுவார்கள். மாத்தளையிலிருந்து ஒரு அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆனால் பேச்சு விவசாயிகளுடையது.

நான் சொல்லும் வருடம் குளத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. அப்படியானால் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, பெத்ம என்பார்கள். கீழ் வயல்களை அந்தப் போகத்துக்குச் சும்மா போட்டுவிடுவார்கள். குளத்தை ஒட்டிய மேல் வயல்களை மட்டும், அது யாருடையதாக இருந்தாலும், ஊரார் எல்லோருக்கும் பங்கு பிரித்து விதைப்பார்கள். போகம் முடிந்ததும் வயல் பழையபடி சொந்தக்காரனுக்கு.

மேல் வயலில் பெரிய பங்கு கிரி பண்டாவுடையது. எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார்.

நிலமில்லாதவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. நான் சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில் நின்றேன். நெல் வாங்க லொறியில் வரும் மஜீத் நானாவும் என் பக்கத்தில் நின்றார். மாத்தளைக் கடைக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்போம்.

"ஏன்டா சவரி, ஒங்கட ஆளு கத்துற கத்துக்குக் கொளத்துல தண்ணி ஏறிரும் போல."

"மேல் வயலு அவருதுதானே நானா. பாதியத் தூக்கிக் குடுன்னா வலிக்காதா?"

"வலிக்கும். கத்தட்டும். அவன யாரும் நிப்பாட்ட மாட்டானுங்க, பாத்துக்கிட்டே இரு."

யாரும் நிறுத்தவில்லை. கிரி பண்டா கேட்ட ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. அவர் சிங்களத்தில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன். "சரி, என் வயல்ல பாதி ஊருக்கு. மிச்சத்துக்கு நானும் பொண்டாட்டியும் போதும். அப்ப இந்தத் தமிழனுக்கு என்னா வேல குடுக்க? இவனையும் பாதியா வெட்டிப் பங்கு போடவா?"

கூட்டமே சிரித்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். "பாத்தியா, கூட்டத்துல ஒன் பேரும் வந்துருச்சு" என்றார் மஜீத் நானா.

வெயில் உச்சி தாண்டும்வரை கத்திவிட்டு, கிரி பண்டா வெற்றிலை போட உட்கார்ந்தார். அப்போது தண்ணீர்ப் பொறுப்பில் இருந்த கிழவர் எழுந்து வந்து, குளக்கட்டின் மேல் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அந்தக் குளத்தில் அப்படித்தான். அதிகம் எதிர்த்தவன்தான் வாய்க்காலின் முதல் மண்ணை வெட்டித் தண்ணீரை விட வேண்டும். அவன் மண்வெட்டியை வாங்கினால் முடிவு ஆகிவிட்டது. வாங்காவிட்டால் மறுநாள் திரும்பவும் கூட வேண்டும். கை எண்ணுவதில்லை.

கிரி பண்டா மண்வெட்டியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு துப்பிவிட்டு எழுந்து வாய்க்காலுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி எனக்கு வழிச் சோறு கட்டித் தந்தாள். இரு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "தண்ணி வந்தா பெரும்போகத்துக்கு வா" என்றார். விடியும்போது நான் மலைப்பாதையில் இருந்தேன். அதற்கு மறுநாள் காலை மாத்தளையில் கூலிக்கு மூட்டை இறக்கினேன். பெரும்போகத்துக்கு நான் போகவில்லை. பிறகு கலவரத்தில் மாத்தளையில் தமிழர் கடைகள் எரிந்தன. அன்று ஆரம்பித்த நடைதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது.

6

ஆய்வுக்காரப் பெண் வேகமாக எழுதினார். எதிர்த்தவனை ஒதுக்காமல் அவன் கையிலேயே முடிவைக் கொடுப்பது அழகான முறை, இங்கேகூட அப்படி எதுவும் இல்லை என்றார்.

"அழகுதான். எனக்குத்தான் அங்கே வேலை போய்விட்டது" என்றேன்.

அவருடைய பேனா நின்றது. "உங்களிடம் யாரும் கேட்கவில்லையா?"

"புளியமரத்தடியில் நின்றவனை யார் கேட்பார்கள்? நீங்களும் கேட்பதில்லையே. உங்கள் மூன்று கேள்விகளில் மறுநாள் காலை யார் மூட்டை கட்டுகிறார்கள் என்று ஒன்று இல்லை."

அவர் கோபப்படவில்லை. "நாங்கள் கேட்கப் போகும்போது அவர்கள் போய்விட்டிருப்பார்கள். எங்கே தேடுவது என்று உண்மையிலேயே எங்களுக்குத் தெரியவில்லை" என்றார். மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்தது. ரபீக் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தாள்களைச் சுவரில் மாட்டினார்கள். வாகனத் தரிப்பிடம், மரங்களும் பெஞ்சுகளும் வைத்து வேலி போட்ட பூங்கா, விளக்கு மட்டும் போட்டு இருக்கிறபடியே விடுவது என்று மூன்று யோசனைகள். நான் கை தூக்கினேன். காலையில் அங்கே நிற்கும் ஆட்களைக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசவிடலாமா என்று கேட்டேன். எழுதிப் பழகிவைத்திருந்ததால் தடுமாறாமல் வந்தது.

கூட்டத்தை நடத்திய பெண்மணி மிக நல்ல கருத்து என்றார். ஒரு அட்டையில் எழுதி, "ஏனைய விஷயங்கள்" என்ற பலகையில் குத்தி வைத்தார். அங்கே ஏற்கனவே நாய்களைப் பற்றி ஓர் அட்டை இருந்தது.

டிராம் ஓட்டுநர் சொன்னார். "அவர்கள் நல்ல மனிதர்களாகவே இருக்கட்டும். ஆனால் பதிவில் இல்லாதவர்களைச் சேர்த்தால், எங்களைக் குலுக்கி எடுத்ததற்கு என்ன அர்த்தம்?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீங்கள்தான் இருக்கிறீர்களே, அவர்களுக்காகப் பேச."

நானா? அந்த முற்றத்தில் நான் நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. குளிர்காலத்தில் அங்கே எந்தச் சுவரோரம் காற்று அடிக்காது என்பதே மறந்துபோய்விட்டது.

பிறகு பச்சை வட்டங்களைக் கொடுத்தார்கள். எல்லோரும் எழுந்து சுவருக்குப் போனார்கள். யாராவது கத்துவார்கள் என்று நான் காத்திருந்தேன். அவ்வளவு நேரம் பேசிய இடத்தில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை, நான் உட்பட. பூங்காவின் கீழே பச்சை நிரம்பிக்கொண்டு வந்தது. என் கால் அதற்கு மேல் நிற்கவில்லை. கோட்டை எடுத்தேன். கழிப்பறைக்குப் போகிறேன் என்று நினைத்துக் கூட்டத்தை நடத்திய பெண்மணியே எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

7

வீட்டுக்கு வந்து அனிதாவுக்குப் போன் செய்தேன்.

"பாதியில வந்துட்டீங்களா? யாராவது எதாவது சொன்னாங்களா?"

"இல்ல. எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க."

"அப்ப ஏம்பா?" பச்சை வட்டங்களைப் பற்றிச் சொன்னேன். அவள் ஜெர்மனுக்கு மாறினாள். நீங்கள் இருந்திருந்தால் உங்கள் வட்டங்கள் வேறு தாளில் விழுந்திருக்கும், குறிப்பில் ஒரு ஆள் ஒப்பவில்லை என்று எழுதியிருப்பார்கள், இப்போது ஒரு ஆள் இல்லை என்று மட்டும் எழுதுவார்கள் என்றாள். அவள் சொன்னது சரி. பிறகு தமிழுக்கு வந்தாள். "ஒங்களால எந்த எடத்துலயும் கடைசி வரைக்கும் இருக்க முடியாதுப்பா." கோபமாகச் சொல்லவில்லை. என் கண் நிறம் இன்னதென்று சொல்வதைப் போலச் சொன்னாள். அவள் பிறந்த பிறகு நாங்கள் எத்தனை வீடு மாறினோம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

8

மறுநாள் காலை முற்றத்துக்குப் போனேன். ரபீக் சுவரோரம் நின்றான்.

"என்னாச்சண்ணே பார்லிமேந்து?"

"பூங்கா கட்டப் போறாங்க போல. முழுசா பாக்கல. பாதியில வந்துட்டேன்."

"நீங்களுமா! அப்ப எங்கட பக்கம் உள்ள இருந்த ஒருத்தரும் இப்ப வெளியதான்." என் கையைப் பார்த்தான். "இது என்ன வெரல்ல, பச்சையா?" பசை இன்னும் போகவில்லை. ஒரு வட்டம் அப்படியே இருந்தது. உரித்துக் கோட்டுப் பையில் போட்டேன்.

"கோட்ட கழட்டுங்க. கோட்டு போட்ட ஆள எவனும் ஏத்த மாட்டான். வேலைக்குத்தானே வந்தீங்க?"

"வேலைக்குத்தான்."

முதலில் வந்த வேன் எங்களைத் தாண்டிப் போய் முற்றத்தின் நடுவில் நின்றது. மேஸ்திரி இறங்கினார். இரண்டு பேர் போதும் என்றார். ரபீக்கைக் காட்டினார், பிறகு அங்குமிங்கும் பார்த்தார். ரபீக் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். "இவர் வேலி அடிப்பார். ஊரில் யானைக்கே வேலி அடித்தவர்" என்று தன்னுடைய உடைந்த ஜெர்மனில் சொன்னான். வேனில் இரும்புக் கம்பங்களும் வலையும் இருப்பதை அவன் அதற்குள் பார்த்திருந்தான்.

"எந்த இடத்தில்?" என்று நான் கேட்டேன்.

மேஸ்திரி காலால் மண்ணைத் தட்டிக் காட்டினார். இந்தச் சுவரிலிருந்து அந்த மூலை வரை, இதே இடத்தில்தான்.

கம்பங்கள் எல்லாம் ஒரே அளவில் அறுத்து, பச்சைப் பெயிண்ட் பூசி, நன்றாகக் காய்ந்து இருந்தன. நேற்றுப் பிற்பகல் ஒட்டிய வட்டங்களுக்காக ஒரே இரவில் அறுத்துப் பூசிய கம்பங்களாகத் தெரியவில்லை.

மற்ற ஆட்கள் விலகி வீதியோரம் போய் நின்று பார்த்தார்கள். மேஸ்திரி நூல் பிடித்து, சுண்ணாம்பால் முதல் குழிக்குப் புள்ளி வைத்தார். ரபீக் தினமும் நிற்கும் இடத்துக்கு ஓரடி தள்ளி. பிறகு மண்வெட்டியை எடுத்து, பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினார். பக்கத்தில் நின்றவன் நான்.

இங்கத்திய மண்வெட்டிக்கு நீளக் காம்பு, காலால் மிதித்து இறக்க வேண்டும். வாங்கி, கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன். மெல்லுவதற்கு வெற்றிலை இல்லை. மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மிதித்தேன்.

"அண்ணே," ரபீக் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னான், "ரொம்ப ஆழமாத் தோண்டாதீங்க. பொறகு நம்மதான் புடுங்கணும்."

நான் சிரித்துவிட்டேன். மேஸ்திரி குனிந்து அளவுகோலைக் குழிக்குள் விட்டுப் பார்த்தார். ஆழம் போதாது என்றார். மறுபடி மிதித்தேன்.